உயர்விலைக் கடல் ரீல்கள்: வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் படகில் தூண்டிலுக்குப் போகிறவர்களும், ஜி.டி. என்று நாம் சொல்லும் பெரும்பாரைக்காக அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ பயணம் திட்டமிடுகிறவர்களும் ஒரு கட்டத்தில் லட்சம் ரூபாயை ஒட்டிய விலையுள்ள ரீல்களை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை வைத்து ரீலை எடைபோடுவதால்தான் இந்தக் குழப்பங்களில் பாதி வருகிறது என்பது என் கருத்து. கேள்விகளை அவரவர் கேட்டபடியே கொடுத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏரிக்கு வாங்கின ரீல் நல்லாத்தானே இருக்கு, அதையே கடலுக்குக் கொண்டுபோனா என்ன?

ஓரிரு முறை கொண்டுபோகலாம். அதன் பிறகு அது ஏரிக்கும் உதவாமல் போய்விடும். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு இருக்கும் இடத்தில் கடல்நீர் படிந்து நின்றால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே ஒரு சிறிய மின்கலமே உருவாகி, அலுமினியம் அரிக்கப்படும். திருகின் தலையைச் சுற்றி வெள்ளைத் தூள் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் உப்பு அல்ல, அலுமினியம் அரிந்து வந்த தூளும் அதில் கலந்திருக்கிறது. உள்ளே புகுந்த நீர் காய்ந்ததும் உப்புப் படிகங்கள் பேரிங்கின் குண்டுகளுக்கு இடையே தங்கி, மணலைப் போல் அராவத் தொடங்கும்.

இரண்டாவது காரணம் சுமை. ஏரி மீனுக்காகச் செய்த ரீலில் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக்காகவும், கியர் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பாகவும் இருக்கும். பத்து கிலோ இழுப்பில் அந்த உடல் வளையும். உடல் வளைந்தால் கியர்ப் பற்கள் ஒன்றையொன்று சரியாகக் கவ்வாமல் விளிம்பில் மட்டும் உரசித் தேயும். கடல் ரீலுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி உப்பைத் தடுப்பதற்கும், சுமையில் வளையாமல் நிற்பதற்கும்தான் போகிறது.

ஸ்பின்னிங் ரீல் வாங்கவா, இல்லை லீவர் டிராக் ரீல் வாங்கவா?

படகை ஓட்டியபடி இரையை இழுத்துச் சென்று மயில்மீன், மார்லின், பெரிய சூரை பிடிப்பதாக இருந்தால், பென் இன்டர்நேஷனல், ஷிமானோ டியாக்ரா போன்ற லீவர் டிராக் ரீல்களே சரி; மீன் இழுக்கும்போது நரம்பைக் கட்டுப்பாட்டோடு ஓடவிடும் பிரேக்கான டிராக்கை அவற்றில் ஒரு நெம்புகோலால் கூட்டிக் குறைக்கலாம். அவற்றில் நரம்பு (தூண்டில் நூல்) அது சுற்றப்பட்டிருக்கும் ஸ்பூலிலிருந்து நேராக வெளியே போகிறது. வழியில் எங்கும் திரும்புவதில்லை. ஸ்பின்னிங் ரீலில், ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் ரோட்டாரில் உள்ள லைன் ரோலர் என்ற சிறு உருளையில் நரம்பு செங்கோணமாகத் திரும்பி ஸ்பூலுக்குள் வருகிறது. ஆகவே மீனின் இழுப்பு முழுவதும் அந்தச் சிறு ரோலரையும், அதைத் தாங்கும் ரோட்டாரையும் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கிறது. அதே வலுவை ஸ்பின்னிங் ரீலில் கொண்டுவர அதிகச் செலவு ஆவதற்கு இதுதான் காரணம்.

நீரின் மேல் சத்தமெழுப்பும் செயற்கை இரையான பாப்பரை வீசி விளையாடுவதற்கு ஸ்பின்னிங்கைத் தவிர வேறு வழியில்லை. கனமான உலோக இரையை ஆழத்தில் ஏற்றி இறக்கும் ஜிக்கிங்கிற்கு இரண்டும் ஆகும். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் பாப்பர், ஜிக் ஆட்கள் என்பதால் இனி வரும் பதில்கள் ஸ்பின்னிங் ரீலைப் பற்றியே இருக்கும்.

ஒரு கம்பெனியில் 14000, இன்னொன்றில் 10500, பழைய ரீலில் 5000 என்று இருக்கிறதே, எது பெரிது?

இந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஷிமானோவின் ஸ்டெல்லா எஸ்டபிள்யூ 4000 முதல் 30000 வரை வருகிறது. டைவாவின் பழைய சால்டிகாக்கள் 4000, 4500, 5000, 6500 என்று இருந்தன. 2020-இல் வந்த சால்டிகாவில் எண்கள் 8000, 10000, 14000, 18000, 20000 என மாறிவிட்டன. ஒரே கம்பெனிக்குள்ளேயே இப்படி என்றால், பென் ஸ்லாமரின் 10500-ஐ ஷிமானோவின் 10000-உடன் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எடை, ஸ்பூலின் விட்டம், எந்தத் தடிமன் நரம்பு எத்தனை மீட்டர் கொள்ளும் என்ற மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள். நரம்பின் தடிமனைப் பவுண்டில் கேட்காமல் பிஇ எண்ணில் (பின்னல் நரம்பின் தடிமனைக் காட்டும் ஜப்பானிய அளவு) கேளுங்கள், ஏனெனில் ஒரே பிஇ எண்ணுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பவுண்டு போடுகிறது. பிஇ 1 என்பது 0.165 மில்லிமீட்டர் விட்டம். பிஇ 4 அதைப்போல் நான்கு மடங்கு தடிமன் அல்ல, இரண்டு மடங்குதான், அதாவது 0.33 மில்லிமீட்டர், அந்த எண் விட்டத்தோடு அல்லாமல் குறுக்குப் பரப்போடு சேர்ந்து ஏறுகிறது.

டிராக் 25 கிலோ என்று போட்டிருக்கிறது. 25 கிலோ வைத்துத்தான் பெரிய மீன் பிடிக்கிறார்களா?

இல்லை. ஸ்டெல்லா எஸ்டபிள்யூ 14000, சால்டிகா 14000 இரண்டிலும் அதிகபட்ச டிராக் 25 கிலோ என்றே கம்பெனிகள் சொல்கின்றன. 80 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) அறுபடும் எடை ஏறத்தாழ 36 கிலோ. அதில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைப்பது வழக்கம் என்பதால், 9 முதல் 12 கிலோ வரைதான் வரும். முடிச்சு பலவீனமாக இருந்தால் அதற்கும் கீழே வைக்க வேண்டும். ஆடும் படகில் நின்றபடி வளைந்த ராடின் மறுமுனையில் 10 கிலோவைத் தாங்கிப் பார்த்தால்தான் அது எவ்வளவு என்பது புரியும். 15 கிலோவுக்கு மேல் வைத்து நிற்கக்கூடியவர்கள் மிகச் சிலர்.

பாரைக்கு மட்டும் டிராக் ஏன் இவ்வளவு இறுக்கமாக வைக்கிறார்கள் என்றால், அது தூண்டில் ஏறியதும் பவளப்பாறைக்குள் பாயும் மீன்; முதல் சில விநாடிகளில் தலையைத் திருப்பாவிட்டால் நரம்பு பாறையில் உரசி அறுந்துவிடும். 2006-இல் ஜப்பானின் தோகாரா தீவுகளில் பிடிபட்ட உலக சாதனைப் பெரும்பாரையின் எடை 72.8 கிலோ. அந்த மாதிரி மீனை மனத்தில் வைத்துத்தான் இந்த ரீல்கள் உருவாயின. திறந்த கடலில் சூரைக்கு இவ்வளவு இறுக்கம் வேண்டாம், ஓடவிட்டுப் பிடிக்கலாம்.

25 கிலோ என்ற எண்ணுக்குப் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 25 கிலோ தாங்கும் டிராக் 10 கிலோவில் நிதானமாக வேலை செய்யும். 12 கிலோவே எல்லையான டிராக்கை 10 கிலோவுக்கு முறுக்கினால் வாஷர்கள் நசுங்கி, நரம்பு திக்கித் திக்கிப் போகும்.

அப்படியானால் நல்ல டிராக்கை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ரீலை ராடில் மாட்டி, வளையங்களின் வழியே நரம்பைக் கோத்து, நுனியை ஒரு ஸ்பிரிங் தராசில் கட்டுங்கள். டிராக்கை 5 கிலோவுக்கு வைத்து, ராடைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு தராசை மெதுவாக இழுங்கள். ஸ்பூல் அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் முள் எவ்வளவு காட்டுகிறது, ஸ்பூல் சீராகச் சுழல ஆரம்பித்த பின் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். மட்டமான டிராக்கில் முள் முதலில் 7 வரை ஏறி, பிறகு 5-க்கு விழும். நல்ல டிராக்கில் முள் ஏறிய இடத்திலேயே நிற்கும். பெரிய மீன் நின்று நின்று ஓடும்போது நரம்பு அறுவது பெரும்பாலும் அந்த முதல் துள்ளலில்தான்.

கடையில் காட்டாதது சூடு. 10 கிலோ டிராக்கில் மீன் 100 மீட்டர் நரம்பை இழுத்தால் ஏறத்தாழ 9,800 ஜூல் ஆற்றல் டிராக்கில் வெப்பமாக மாறுகிறது. அதைப் பத்து விநாடியில் இழுத்துவிட்டால் 1,000 வாட் அளவுக்குச் சூடு. வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றை அந்தச் சின்ன ஸ்பூலுக்குள் பத்து விநாடி போட்டுவைத்ததற்குச் சமம். வெப்பத்தில் உராய்வு மாறும் வாஷராக இருந்தால், நீங்கள் தொடாமலேயே டிராக் இறுகும் அல்லது தளரும். இதனால்தான் இந்த விலையில் கார்பன் வாஷர்கள், பெரிய விட்டமுள்ள தட்டுகள், வெப்பத்தை வெளியே கடத்தும் பாகங்கள் என்று செலவழிக்கிறார்கள். 2019-இல் வந்த ஸ்டெல்லா எஸ்டபிள்யூவில் இதற்கென்றே வெப்பம் கடத்தும் அமைப்பைச் சேர்த்தார்கள். வாங்கும் ரீலில் வேறு எதை விட்டாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

பேரிங் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்ல ரீல், சரிதானே?

சரியல்ல. ஸ்டெல்லா எஸ்டபிள்யூவில் 14 பால் பேரிங்கும் ஒரு ரோலர் பேரிங்கும் இருக்கின்றன. அதே எண்ணிக்கை போட்ட மலிவு ரீலும் சந்தையில் கிடைக்கிறது. எண்ணிக்கையைவிட, அவை உப்பைத் தாங்கும் வகையா, எங்கே பொருத்தப்பட்டிருக்கின்றன என்பவையே முக்கியம். முதன்மை கியரின் இரு பக்கம், பினியன் எனும் சிறு கியரின் இரு முனை, லைன் ரோலர் ஆகிய இடங்களில் தரமான பேரிங் இருந்தால் போதும். முதலில் போவது லைன் ரோலர் பேரிங்தான். நனைந்த நரம்பு நாள் முழுவதும் அதன் மேல் ஓடுகிறது.

பிஜி, எச்ஜி, எக்ஸ்ஜி என்று ஒரே ரீல் மூன்று விதமாக வருகிறதே, எதை எடுப்பது?

கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ரோட்டார் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் வித்தியாசம்: பிஜி மெதுவானது, எக்ஸ்ஜி வேகமானது, எச்ஜி இடைப்பட்டது. கணக்கு எளிது: ஸ்பூல் விட்டத்தை 3.14-ஆலும் கியர் விகிதத்தாலும் பெருக்குங்கள். 66 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூலில் விகிதம் 6.2 என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.28 மீட்டர் நரம்பு ஏறும், 4.4 என்றால் 0.91 மீட்டர்தான். வேகம் கூடும் அளவுக்குச் சுற்றும் பலம் குறையும்.

பாப்பர், ஸ்டிக்பெய்ட் வீசுபவருக்கு எக்ஸ்ஜி வேண்டும். பாரை படகை நோக்கி ஓடி வரும்போது தொய்வை உடனே எடுக்க வேண்டியிருக்கும். ஆழத்தில் கனமான ஜிக்கை ஏற்றி இறக்குபவர் பிஜியை எடுத்தால் மாலையில் கை வலிக்காது. ஒரே ரீலில் இரண்டையும் செய்ய நினைப்பவருக்கு எச்ஜி, அந்த அளவில் அது கிடைத்தால்.

ஐபிஎக்ஸ் 8 என்றால் தண்ணீரே புகாது என்று அர்த்தமா?

அந்த எண்கள் மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தரத்திலிருந்து வந்தவை. ஐபிஎக்ஸ் 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தில் பாயும் நீரைத் தாங்கியது. ஐபிஎக்ஸ் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தது. ஐபிஎக்ஸ் 8 அதைவிடக் கடுமையான மூழ்கல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிட வேண்டும். மூழ்கலைத் தாங்கிய பொருள் பாயும் நீரையும் தாங்கும் என்று அந்தத் தரம் உறுதி சொல்வதில்லை. பென் ஸ்லாமர் 4 ஐபிஎக்ஸ் 6 வகை, பென் அத்தாரிட்டி ஐபிஎக்ஸ் 8 வகை.

இந்தச் சோதனை புதுப் பொருளுக்கு நல்ல தண்ணீரில் நடப்பது. ரப்பர் சீல் தேயும், உப்பில் விறைக்கும். இரண்டு பருவம் கழித்து அந்த எண் அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. சீல் கூடக்கூட ரீல் இறுக்கமாகச் சுற்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் மான்டாக்கில் அலைக்கு நடுவே பாறைமேல் நின்று வீசுகிறவர்கள் வான் ஸ்டால் போன்ற முழுக்க மூடிய ரீலைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது, அங்கே ரீல் தண்ணீருக்குள்ளேயே போய்வருகிறது. படகிலிருந்து வீசும் நமக்குத் தெறிக்கும் நீர்தான் பிரச்சினை. ஐபிஎக்ஸ் 6 அளவு தடுப்பே போதும்.

மேக்சீல் என்கிறார்களே, அது ரப்பர் சீலா? எண்ணெய் விடலாமா?

டைவா ரீல்களில் வரும் இந்தத் தடுப்பு ரப்பர் அல்ல. காந்தத்தால் ஈர்க்கப்படும் ஒரு வகை எண்ணெய், நகரும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் இடையிலுள்ள நூலளவு இடைவெளியில் காந்தத்தின் பிடியில் வளையமாக நிற்கிறது. அந்த வளையமே நீரைத் தடுக்கிறது. எதுவும் எதையும் தொட்டு உரசாததால் சுழற்சி இலேசாக இருக்கும். இத்தகைய காந்தத் திரவத்தை 1963-இல் நாசாவின் ஸ்டீவ் பாப்பெல், எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளை நகர்த்துவதற்காக உருவாக்கினார். டைவா அந்தத் தத்துவத்தை 2010-இல் சால்டிகாவில் பயன்படுத்தியது.

எண்ணெய் விடவே கூடாது. வேறு எண்ணெய் பட்டால் காந்த எண்ணெய் கலைந்து, வளையம் உடைந்துவிடும். பிறகு கம்பெனி சர்வீஸில்தான் சரிசெய்ய முடியும். லைன் ரோலரிலும் மேக்சீல் உள்ள மாடலாக இருந்தால் அங்கேயும் இதே விதிதான்.

கடைசியில் ஸ்டெல்லாவா, சால்டிகாவா?

டிராக்கில் இரண்டுமே நமக்குத் தேவையானதைத் தாண்டி நிற்கின்றன; தராசுச் சோதனையில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். வேறுபாடு மற்ற இடங்களில் இருக்கிறது. ஷிமானோ 1921-இல் சாகாய் நகரில் சைக்கிள் பாகங்களில் தொடங்கிய கம்பெனி. உலோகத்தைச் சூடாக்காமல் அழுத்தி வடிக்கும் கலையில் அவர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு, ஸ்டெல்லாவின் கியரும் அப்படி வடித்ததுதான். 2019 மாடலில் மைய அச்சும் பினியனும் உரசாதபடி செய்ததால், சுமையோடு சுற்றும்போது கைப்பிடி குறிப்பிடத்தக்க அளவு இலேசாக இருக்கிறது. 2020 சால்டிகாவின் பலம் அதன் உடல். பக்கத் தட்டைச் சிறு திருகுகளால் பூட்டாமல், ஒரே அலுமினியக் கூட்டுக்குள் பெரிய மூடியை மரையோடு முறுக்கி அடைக்கிறார்கள். அதனால் உடல் விறைப்பாக இருக்கிறது, உள்ளே பெரிய கியருக்கும் இடம் கிடைக்கிறது.

ரீலைத் தானே பிரித்துக் கிரீஸ் போட்டுப் பழகியவருக்கு ஸ்டெல்லாவைச் சொல்வேன். மேக்சீல் இருப்பதால் சால்டிகாவை நாமாகப் பிரிப்பது நல்லதல்ல. ஆனால் ஆண்டுதோறும் ஒழுங்காகச் சர்வீஸுக்கு அனுப்ப வழியுள்ளவருக்கு அது ஒரு குறையே அல்ல. ஆக, முதலில் உங்கள் ஊரிலிருந்து எந்தக் கம்பெனியின் சர்வீஸுக்கு அனுப்புவது எளிது, உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்று விசாரியுங்கள். விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்லாமர் விலை ஸ்டெல்லாவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே. அதிலேயும் மீன் வருகிறது, பிறகு எதற்கு இவ்வளவு பணம்?

மீன் வரும் என்பது உண்மை. 1932-இல் ஃபிலடெல்பியாவில் தொடங்கிய பென், அடிபட்டாலும் ஓடும் ரீல்களுக்குப் பேர்பெற்றது; ஸ்லாமர் 4-இல் உலோக உடலும் மூடிய டிராக்கும் உண்டு. அது கனமான ரீல், சுற்றும்போது கரகரப்பும் சற்றுத் தெரியும். அடிமட்டத்தில் இரை போட்டுக் காத்திருப்பவருக்கும், எப்போதாவது ஜிக் போடுபவருக்கும் இந்த எடை ஒரு பொருட்டல்ல.

காலை முதல் மாலை வரை 100 கிராமுக்கு மேற்பட்ட பாப்பரை வீசிக்கொண்டே இருப்பவருக்கு அது பொருட்டு. உயர்விலை ரீலில் நாம் வாங்குவது குறைந்த எடையில் அதே விறைப்பையும், பல ஆண்டு கழித்தும் மாறாத சுழற்சியையும். ஆண்டுக்கு ஓரிரு பயணம் மட்டும் போகிறவர் ஷிமானோ சரகோசா எஸ்டபிள்யூ அல்லது ஸ்லாமரை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை நல்ல பிரெய்டிலும், தங்கூஸ் லீடரிலும் (நுனியில் கட்டும் தடித்த நரம்பு), தூண்டில் முள்ளிலும் போடுவதே புத்திசாலித்தனம். நடுவில் நிற்கிறவருக்கு ஷிமானோவின் ட்வின் பவர் எஸ்டபிள்யூ இருக்கிறது.

டிராக்கை மாற்றவே இல்லை, ஆனால் மீன் தூரமாக ஓடின பிறகு நரம்பு அறுந்துபோகிறது. ரீல் கோளாறா?

கோளாறு இல்லை. டிராக் பிடித்து வைப்பது ஸ்பூலின் சுழற்சியை. நரம்பு வெளியேற வெளியேற ஸ்பூலில் எஞ்சிய நரம்பின் விட்டம் சுருங்குகிறது; சிறிய வட்டத்திலிருந்து அதே ஸ்பூலைச் சுழற்ற அதிக விசை வேண்டும். முழு ஸ்பூல் 66 மில்லிமீட்டர் இருக்கும்போது 10 கிலோ வைத்தால், அது 50 மில்லிமீட்டராகச் சுருங்கும்போது 13.2 கிலோ ஆகிவிடும். இதோடு நீண்ட நரம்பை நீர் பிடித்திழுக்கும் விசையும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே மீன் தூரமாக ஓடும்போது டிராக்கை இறுக்கும் பழக்கத்தை விட்டு, சற்றுத் தளர்த்த வேண்டும். ஸ்பூல் விட்டம் பெரிதாக உள்ள ரீலில் இந்த ஏற்றம் குறைவு. அளவு தேர்ந்தெடுக்கும்போது விட்டத்தைப் பாருங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழுக்க இறுக்கியும் நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது, டிராக் போய்விட்டதா?

முதலில் ஸ்பூலைப் பாருங்கள். ஸ்பூல் நின்றிருக்க, அதன் மேல் நரம்புக் கட்டு மட்டும் மொத்தமாகச் சுழன்றால், டிராக்கில் எந்தக் குறையும் இல்லை. பிரெய்டு வழுக்கும் தன்மை உடையது, உலோக ஸ்பூலை அது பிடிக்காது. அடியில் சில மீட்டர் தங்கூஸ் நரம்பைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டை நல்ல இழுவிசையோடு சுற்றினால் இது தீரும்.

வந்ததும் பக்கெட் தண்ணீரில் முக்கி வைக்கச் சொல்கிறார்களே?

வேண்டாம். மூழ்க வைத்தால் வெளியிலிருக்கும் உப்பு கரைந்து உள்ளே போக வழி கிடைக்கும். டிராக் குமிழை முழுக்க இறுக்கி, மெல்லிய நீர்த்தூறலில் மேலிருந்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாயும் வெந்நீரும் ஆகாது. காய்ந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்திவிட வேண்டும். மாதக்கணக்கில் இறுக்கி வைத்தால் வாஷர்கள் அழுந்தி, மேலே சொன்ன முதல் துள்ளல் வந்துவிடும்.

பழைய ஸ்டெல்லா ஒன்று பாதி விலைக்கு வருகிறது, எடுக்கலாமா?

நேரில் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் எடுக்கலாம். படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், போலிகளும் சுற்றுகின்றன. கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றும்போது மறைந்துவிடும் கரகரப்பு மெதுவாகச் சுற்றினால் விரலில் தெரியும். கைப்பிடியைப் பின்னோக்கித் தட்டினால் உடனே நிற்க வேண்டும். நரம்பை எடுத்துவிட்டு லைன் ரோலரை விரலால் உருட்டிப் பாருங்கள். திருகுகளைச் சுற்றியும், ரீலைக் கம்பில் பூட்டும் காலின் அடியிலும் வெள்ளைத் தூள் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தராசுச் சோதனையில் முள் துள்ளினால், அதற்காக ரீலை ஒதுக்க வேண்டியதில்லை. வாஷர் மாற்றிக்கொள்ளக்கூடிய பாகம். அதன் விலையையும் சர்வீஸ் கூலியையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கரகரப்பு கியரிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் மட்டும், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வாங்காதீர்கள்.